பச்சைப் பட்டைக்கு மேலே ஒரு கருப்புப் பொட்டு: நெல்லித்தோப்பில் மூன்று நாள்

பாண்டிச்சேரிக்குப் போகிறேன் என்று சொன்னாலே எங்கள் அலுவலகத்து ஆண்கள் ஒரு மாதிரி சிரிப்பார்கள். ஒருவர் காலிப் பையை நீட்டிக்கூடப் பார்த்தார். பிரெஞ்சுத் தெரு, கடற்கரை, மலிவான சரக்கு ஆகிய மூன்றில் ஒன்றைத் தேடி இந்தப் பதிவுக்குள் நுழைந்திருந்தால் மன்னியுங்கள். மூன்றாவதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. முதல் இரண்டும் கடைசியில் கொஞ்சம் வரும். நான் போனது, நான் செய்து கொடுத்த ஒரு போர்டு ஏன் வேலை செய்யவில்லை என்று பார்த்துவர. புள்ளிவிவரங்களை மக்களுக்குப் படமாகக் காட்டுகிற வேலையில் இருப்பவர்கள், குறிப்பாக ஊர் ஊராகப் போய்க் காட்டுபவர்கள், கடைசிவரை படியுங்கள்.

எண்களைப் படமாக்கிக் கொடுப்பது என் பிழைப்பு. விலைவாசி, மழையளவு, தேர்தல் முடிவு, எதைக் கொடுத்தாலும் கோடாகவோ கட்டமாகவோ போட்டுத் தருவேன். வேலை தெரிந்தவள் என்று பெயர் உண்டு, அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமும் கிடையாது. கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த செலின் இப்போது பாண்டியில் நர்ஸ். நெல்லித்தோப்பில் ஒரு டிரஸ்ட்டுக்காக எடை பார்க்கும் அறை ஒன்றை நடத்துகிறாள். மாதத்தின் முதல் சனிக்கிழமை, சுற்றியுள்ள தெருக்களின் கைக்குழந்தைகளைத் தொங்கு தராசில் போட்டு நிறுத்து, இளைத்துப்போகிற குழந்தையைச் சீக்கிரமே கண்டுபிடிப்பது அங்கே நடக்கிற வேலை.

போன அக்டோபரில் அவளுக்காக ஒரு பெரிய போர்டு செய்து அனுப்பினேன். மேலே பச்சைப் பட்டை, நடுவில் மஞ்சள், அடியில் சிவப்பு. ஒவ்வொரு குழந்தைக்கும் பெயர் எழுதிய வட்ட அட்டை ஒன்று. வயதுக்கேற்ற எடை இருந்தால் வட்டம் மேலே ஏறும், குறைந்தால் இறங்கும். வெளிநாட்டு மாதிரிப் படத்தில் நல்ல எடைக்கு வெள்ளை நிறம் கொடுத்திருந்தார்கள். நம் ஊரில் வெள்ளைக்கு வேறு கதை உண்டே என்று பச்சையாக மாற்றினேன். எழுத்தெல்லாம் தமிழ். பார்ப்பவர்களின் பழக்கவழக்கத்துக்கு ஏற்ற படம் என்று இதைப் பற்றி ஒரு கூட்டத்தில் பேசிக் கைதட்டல்கூட வாங்கியிருந்தேன்.

ஜனவரி கடைசியில் செலின் போன் செய்தாள். "உன் போர்டு வந்ததுலேர்ந்து ஆளே வரலடி. போன மாசம் ஒம்போது புள்ளைங்கதான். இந்தச் சனிக்கிழமையும் இப்படியே இருந்தா தராச எடுத்துனு வேற ஊருக்குப் போயிடுன்னு டிரஸ்ட்ல சொல்லிட்டாங்க." தராசு போய்விட்டால் அந்தத் தெருக்களில் இளைக்கிற குழந்தையை நோய் வந்த பிறகுதான் கண்டுபிடிப்பார்கள். இரண்டு நாள் விடுப்புச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். 2008 பிப்ரவரியின் முதல் சனிக்கிழமைக்கு முந்திய வியாழன் அது.

கோயம்பேட்டிலிருந்து ஈசிஆர் வழியாகப் போகிற பேருந்தில் ஏறுங்கள், திண்டிவனம் வழி வேண்டாம். டிக்கெட் 67 ரூபாய், ஏறக்குறைய 160 கிலோமீட்டர். காலை ஆறேகாலுக்கு ஏறியவள் பத்து மணிக்கு முன்பே பாண்டியில் இறங்கிவிட்டேன். இடது பக்க ஜன்னலோரம் பிடித்தால் மரக்காணத்து உப்பளம் முதல் கடல்வரை எல்லாம் தெரியும். கனகசெட்டிக்குளம் வந்ததும் சாலையோரத்தில் வரிசையாக ஒயின் ஷாப் போர்டுகள் தொடங்கும், எல்லை தாண்டியாயிற்று என்று அர்த்தம். பேருந்து நிலையத்திலிருந்து நெல்லித்தோப்பு கூப்பிடு தூரம்தான். பாண்டி ஆட்டோவில் மீட்டர் கிடையாது. அறுபது கேட்டார், நாற்பதுக்கு வந்தார்.

செலின் வாசலிலேயே நின்றிருந்தாள். "வாடி. மொதல்ல போர்டப் பாரு, அப்பறம் சாப்புடு" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள்.

அறை சின்னது. ஒரு மூலையில் உத்தரத்திலிருந்து தராசு தொங்கியது, அதில் குழந்தையைப் போடுகிற துணித் தொட்டில். எதிர்ச் சுவர் முழுக்க என் போர்டு. பளபளவென்று இருந்தது. கீழே சிவப்பில் கிடந்த சில வட்டங்களைச் செலின் விரலால் தட்டிக் காட்டினாள்.

"இவங்களுக்குத்தான் வெக்கமா இருக்கு. தெருவே பாக்குது இல்ல, உன் புள்ள செவப்பு, என் புள்ள பச்சைன்னு. அதான் வர மாட்டேங்குறாங்க. தேவின்னு ஒரு பொண்ணு, அவ புள்ளதான் எல்லாத்துக்கும் அடியில. போன மாசம் வரவே இல்ல. கனகசெட்டிக்குளத்துல அம்மா வூடு, அங்க போயிட்டா."

நானும் சென்னையிலிருந்தே அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். அதற்கு மருந்தும் பையில் இருந்தது. பெயருக்குப் பதில் கிளி, மாம்பழம், கப்பல், குடை என்று சின்னச் சின்னப் படங்கள். தாய்மார்கள் ஆளுக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டால் எது யார் குழந்தை என்று பிறருக்குத் தெரியாது. எங்கள் தொழிலில் இது பழகிய வைத்தியம். செலின் படங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தேவி கிட்ட காட்டிட்டு வா. அவ சரின்னா எல்லாரும் சரிம்பாங்க" என்றாள். அவளுக்கு வெள்ளிக்கிழமை முழுக்க ஆஸ்பத்திரி டூட்டி. நான் மட்டும் போவதாக ஏற்பாடு.

மறுநாள் காலை எட்டரைக்கு டவுன் பஸ். டிக்கெட் ஏழு ரூபாய். காலாப்பட்டுவரை பல்கலைக்கழகத்துப் பிள்ளைகளின் கூட்டம், கம்பியைப் பிடிக்கக்கூட இடமில்லை. காலாப்பட்டில் மொத்தமாக இறங்கினார்கள், அதன் பிறகு கடைசிவரை உட்கார்ந்தே போகலாம். முந்தின நாள் சென்னைப் பேருந்தில் இதே ஊரைத் தாண்டித்தான் வந்திருந்தேன். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது எனக்குப் புதிதில்லை. சாலையிலிருந்து கடலை நோக்கிப் பத்து நிமிடம் நடந்தால் மீனவர் குடியிருப்பு. நெல்லித்தோப்பில் கட்டிக்கொடுத்த தேவி என்று கேட்டதும், கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த பெண்கள் மூன்று பேர் ஒரே நேரத்தில் ஒரே வீட்டைக் காட்டினார்கள்.

தேவிக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். மடியில் குழந்தை சுபா, பத்து மாதம். என் பையில் போர்டின் போட்டோவைப் பார்த்ததும் நான் யாரென்று புரிந்துகொண்டாள்.

"செலினக்கா அனுப்பிச்சாங்களா? நானே வரணும்னுதான் இருந்தேன். எங்க அக்காவுக்குப் பிரசவம், பாத்துக்க ஆளில்ல. அதான் இங்கயே தங்கிட்டேன்."

கிளியையும் மாம்பழத்தையும் பரப்பி வைத்து விளக்கினேன். சிவப்பில் இருப்பது சங்கடமாக இருந்தால் இனி யாருக்கும் தெரியாது என்றேன். அவள் படங்களைச் சுபாவின் கைக்கு எட்டாமல் நகர்த்திவைத்துவிட்டுச் சிரித்தாள்.

"எனக்கு என்னாக்கா சங்கடம்? எம் புள்ள எளச்சிருக்கறது போர்டப் பாத்தாத்தான் தெரியுமா? தூக்கினு தெருவுல நடந்தாலே தெரியுது."

"அப்புறம் ஏன் யாரும் வர்றதில்ல?"

"அத கொழுகொழுன்னு புள்ள வச்சிருக்கறவங்கள கேக்கணும். கலைச்செல்வி புள்ளைய உச்சியில ஏத்தி ஊருக்கே காட்னீங்க இல்ல? ரெண்டாம் நாளு காய்ச்சல். திஷ்டி. அன்னிக்கு நின்னவதான் அவ."

சிவப்பில் கிடப்பவர்களைப் பற்றி இவ்வளவு யோசித்த நான், பச்சையில் நிற்பவர்களுக்கு ஒரு பயம் இருக்கும் என்று நினைத்தே பார்க்கவில்லை. நல்லது நடந்தவள் வந்து நிற்பாள், கெட்டது நடந்தவள் ஒளிந்துகொள்வாள் என்பது என் கணக்கு. இங்கே நல்லது நடந்தவள்தான் ஒளிந்துகொள்கிறாள். யோசித்தால் எங்கள் வீட்டிலும் அதேதான். சம்பளம் கூடினால் என் அம்மா பக்கத்து வீட்டில் மூச்சு விடமாட்டாள்.

பேசிக்கொண்டிருக்கும்போது இன்னொன்றைக் கவனித்தேன். சுற்றி விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகள் எல்லோருக்கும் கன்னத்தில் மைப் பொட்டு. முந்தின வாரம் பிறந்த அக்கா குழந்தைக்கு நெற்றியிலும் கன்னத்திலும் உள்ளங்காலிலும் இருந்தது. சுபாவின் முகம் மட்டும் துடைத்துவிட்டதுபோல இருந்தது. பாப்பாவுக்குப் பொட்டு வைக்கவில்லையா என்று கேட்டேன்.

"இதுக்கு யாருக்கா கண்ணு போடப் போறாங்க" என்றாள் தேவி. குறையாகச் சொல்லவில்லை. வீட்டில் உப்பு தீர்ந்துவிட்டது என்பதைச் சொல்வதுபோலச் சொன்னாள். எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது. சனிக்கிழமை எப்படியாவது வந்துவிடு என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தேன். அக்காவுக்குத் துணைக்கு ஆள் கிடைத்தால் வருகிறேன் என்றாள்.

திரும்பும் பேருந்துக்கு முக்கால் மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, காலியாக வந்த ஆட்டோவை மறித்தேன். இருநூற்றைம்பது என்று தொடங்கியவர் நூற்றைம்பதில் நின்றார். ஷோரூமிலிருந்து வந்து ஒரு வாரம்கூட ஆகாத வண்டி, சீட்டின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. ஆனால் பின்னால் ஒரு கிழிந்த செருப்பைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். தெரிந்த விஷயம்தான், இருந்தாலும் அன்றைக்குக் கேட்கத் தோன்றியது.

"புது வண்டியில எதுக்குண்ணே பழைய செருப்பு?"

"புது வண்டிக்குத்தாம்மா செருப்பு. பழைய வண்டிக்கு எதுக்கு? கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது. மொதல்ல செருப்பப் பாக்கட்டும், அப்பறம் வண்டியப் பாக்கட்டும்."

காலாப்பட்டு தாண்டியதும் கட்டி முடியாத ஒரு மாடி வீடு வந்தது. மொட்டை மாடிக் கம்பியில் வைக்கோல் பொம்மை, வாசலில் முகம் வரைந்த பூசணிக்காய். இந்த ஊரில் மட்டுமா, நம் நாடு முழுக்கவே நல்லதை யாரும் வெறுமனே வெளியில் வைப்பதில்லை. பக்கத்திலேயே கண்ணை இழுக்க ஒரு குறையையும் வைத்துவிட்டுத்தான் வைக்கிறோம். நான் மட்டும் ஒரு பொட்டுக்கூட இல்லாமல் பளபளவென்று ஒரு போர்டைச் செய்து, அதன் உச்சியில் ஒருத்தி பிள்ளையை ஏற்றிவைத்திருக்கிறேன்.

நெல்லித்தோப்பில் இறங்கியதும் நேராகப் போர்டு முன்னால் போய் நின்றேன். ஒவ்வொரு வட்டத்திலும் கடைசியாக எடை பார்த்த மாதத்தைப் பென்சிலால் குறித்துவைப்பது செலினின் வழக்கம். உச்சியில் இருந்த பரணி என்ற பெயரில் நவம்பர். அதற்கு அடுத்த இரண்டும் நவம்பர். அதற்குக் கீழே டிசம்பர், டிசம்பர், டிசம்பர். ஜனவரி என்று எழுதியிருந்த ஒன்பதும் மஞ்சளின் அடியிலும் சிவப்பிலும்தான். போர்டு மேலேயிருந்து காலியாகிக்கொண்டு வந்திருக்கிறது. முதலில் இருந்தவள் நின்றதும் அடுத்தவள் முதலாகிவிட்டாள், அவளும் நின்றாள், பிறகு அதற்கடுத்தவள். சிவப்பைப் பார்த்தால் பதற வேண்டும் என்று பழகிப்போன நானும் செலினும் மேலே நிமிர்ந்தே பார்க்கவில்லை. மற்றவர்கள் கண்ணை இழுக்க நான் வைத்த நிறம் என் கண்ணையே இழுத்திருக்கிறது.

சாயங்காலம் செலின் டூட்டி முடிந்து வந்ததும் இரண்டு பேரும் கலைச்செல்வி வீட்டுக்குப் போனோம். மூன்றாவது சந்தில் மாடிப் போர்ஷன். கணவர் பாண்டியிலேயே இருக்கிற மேட்டுப்பாளையத்தில் லாரி ஷெட்டில் மெக்கானிக். பரணி உண்மையிலேயே உருண்டு திரண்ட குழந்தை. பார்த்ததும் வாயில் வந்த வார்த்தையை விழுங்கிவிட்டேன், நான்கூட அங்கே ஒரு கண்தானே.

"செலினக்கா மேல கோவம்லாம் எதுவும் இல்ல" என்றாள் கலைச்செல்வி. "எம் புள்ளைய எறக்கி நடுவுல வையுங்க, நாளைக்கே தூக்கினு வர்றேன்."

"எடை சரியா இருக்கிறவன நடுவுல வச்சா பொய்யாயிடுமே" என்றேன்.

"அப்ப வேற யாரையாச்சும் மேல வையுங்க."

"வேற யாரும் மேல இருக்க மாட்டேங்குறாங்களே."

"அதான் யாரும் வர்றதில்ல" என்றாள் அவள், அவ்வளவு நேரமாக இதைத்தானே சொல்கிறேன் என்ற தோரணையில்.

அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. சிக்கலையும் அதன் அளவையும் அவளே சொல்லிவிட்டாள். எந்தப் படத்திலும் உச்சியில் யாராவது இருந்தே தீர வேண்டும். அந்த இடம் எந்தக் குழந்தைக்கும் வேண்டாம்.

"உச்சியில புள்ளையே இல்லாம ஒரு கருப்புப் பொட்டு வச்சா?" என்று கேட்டேன். "பெரிய திஷ்டிப் பொட்டு. எந்த மாசமும் அதுதான் மேல. எந்தப் புள்ளையும் அதத் தாண்டாது."

கலைச்செல்வி உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள். "எவ்ளோ பெருசு?" என்றாள். நீங்களே சொல்லுங்கள் என்றேன். உள்ளே போய் ஒரு எவர்சில்வர் தூக்கின் மூடியை எடுத்துவந்து கொடுத்தாள். "இதுக்குக் கொறையாம வையுங்க. நான் சொல்லிவுடுறேன், வருவாங்க."

செலின்தான் வழி நெடுக முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் வெடித்தாள். "நான் நர்சுடி. காய்ச்சல் வந்தது கிருமியில, கண்ணுல இல்ல. அத விளக்கிச் சொல்றத வுட்டுட்டு நம்மளே செவுத்துல திஷ்டிப் பொட்டு வைக்கிறதா? டிரஸ்ட்லேர்ந்து வர்றவங்க என்னா நினைப்பாங்க? நான் வேதக்காரி வேற."

நியாயமான கேள்விதான். அப்போதுதான் அவர்கள் வீட்டுக் கூடத்துச் சுவரைப் பார்த்தேன். செலினின் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். தெருவில் இன்றும் அது சொல்தா வீடு, அதாவது சிப்பாய் வீடுதான். சுவரில் அவர் சீருடையில் நிற்கிற படம். அதற்குப் பக்கத்தில் வெள்ளை லேஸ் கவுன் போட்ட ஒரு குழந்தையின் ஞானஸ்நானப் படம். குழந்தையின் கன்னத்தில் எட்டணா அளவுக்கு ஒரு கருப்புப் பொட்டு.

"இது யாரு?"

பிரெஞ்சுச் செய்தி பார்த்துக்கொண்டிருந்த அவள் அப்பா திரும்பிப் பார்த்தார். "அது செலின்தாம்மா. பாதர் தொடைக்கச் சொன்னாரு. அவங்க அம்மா முடியாதுன்னுட்டா. வேணும்னா பொட்டுக்கும் சேத்து ஞானஸ்நானம் குடுங்கன்னா." சொல்லிவிட்டு மறுபடி செய்திக்குத் திரும்பிக்கொண்டார்.

செலினுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அதன் பிறகு எங்கள் பேச்சு பொட்டை எந்தத் தாளில் வெட்டுவது என்பதற்குப் போய்விட்டது. ஒன்று மட்டும் உறுதியாகச் சொன்னாள், கிருமியைப் பற்றிச் சொல்ல வேண்டியதையும் அவள் சொல்லுவாள், நான் குறுக்கே வரக்கூடாது. சொல் என்றேன். கேட்க ஆள் வந்தால்தானே சொல்ல முடியும்?

எனக்கும் உள்ளுக்குள் ஒரு தயக்கம் இருந்ததை மறைக்கப் போவதில்லை. படத்தில் வைக்கிற ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால் ஒரு எண் இருக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். எண் இல்லாத புள்ளி பொய். ஆகவே போர்டின் ஓரத்தில் பச்சை என்றால் என்ன, மஞ்சள் என்றால் என்ன என்று விளக்குகிற இடத்தில் நான்காவதாக ஒரு வரி சேர்த்தேன்: "கருப்பு வட்டம்: திருஷ்டிப் பொட்டு. எந்தக் குழந்தையும் அல்ல." இவ்வளவு நேர்மையான புள்ளியை இதுவரை நான் எந்தப் படத்திலும் வைத்ததில்லை.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அறையைத் திறந்தபோது பொட்டு உச்சியில் உட்கார்ந்திருந்தது. கதவருகே நின்றால் முதலில் அதுதான் கண்ணில் படும். அரை மணி நேரம் யாரும் வரவில்லை. டிரஸ்ட்டிலிருந்து வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். செலின் தராசின் துணித் தொட்டிலை மூன்றாவது முறையாக உதறிக் கட்டினாள்.

பிறகு கலைச்செல்வி வந்தாள், பின்னால் நான்கு பேர். உள்ளே வந்ததும் போர்டைத்தான் பார்த்தார்கள். பொட்டு இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி இருக்கலாம் என்று ஒருத்தி சொன்னாள். கன்னத்தில் வைப்பதுபோல ஓரமாக இருந்தால்தான் பலிக்கும் என்றாள் இன்னொருத்தி. எங்கள் வீட்டிலும் மை வைப்போம், நடுவில்தான் என்றாள் ஷமீம், பர்தாவுக்குள்ளிருந்து இரட்டைக் குழந்தைகளில் ஒன்றை வெளியே எடுத்தபடி. வாக்குவாதம் முடிவதற்குள் வாசலில் வரிசை சேர்ந்துவிட்டது. ஒரு படத்தைப் பற்றிப் பார்வையாளர்கள் இவ்வளவு அக்கறையாகச் சண்டை போட்டு நான் எந்தக் கருத்தரங்கிலும் கண்டதில்லை. வலப்பக்கம் நான்கு விரல் தள்ளி ஒட்டினேன்.

எடை போட்டவுடன் செலின் எண்ணைச் சத்தமாகச் சொல்லமாட்டாள், துண்டுத் தாளில் எழுதித் தாயிடம் காட்டுவாள். பிரெஞ்சுப் பள்ளிக்கூடப் பழக்கத்தில் புள்ளிக்குப் பதில் கமா போடுவாள். 9,1 என்றால் ஒன்பது கிலோ நூறு கிராம். எனக்குத்தான் முதலில் தலை சுற்றியது, அந்தத் தெருப் பெண்களுக்கு அது பழக்கம். கூடவே காய்ச்சல், கொதிக்கவைத்த தண்ணீர், கைகழுவுவது என்று தன் பாட்டையும் பாடினாள். யாரும் எழுந்து போகவில்லை. மதியத்துக்குள் முப்பத்துநான்கு குழந்தைகள். டிரஸ்ட்காரர் கிளம்பும்போது தராசைப் பற்றி எதுவும் பேசவில்லை, அடுத்த மாதத்துக்கு இன்னொரு துணித் தொட்டில் வேண்டுமா என்று மட்டும் கேட்டார். செலின் என் முதுகில் ஒரு அடி வைத்தாள். வலித்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

அறையைச் சாத்தப் போகிற நேரத்தில் தேவி வந்தாள். கனகசெட்டிக்குளத்திலிருந்து இரண்டு பேருந்தைத் தவறவிட்டு மூன்றாவதில் ஏறியிருக்கிறாள். புடவைத் தலைப்பால் சுபாவின் தலையைப் போர்த்தியிருந்தாள். தராசு முள் ஆடி நின்றதும் செலின் எழுதினாள்: 6,3. டிசம்பரில் 5,4. தாளைக் காட்டாமலே போர்டுக்கு நடந்து, அடியில் இருந்த வட்டத்தைப் பிடுங்கி மேலே குத்தினாள். சுபா சிவப்பைத் தாண்டி மஞ்சளில் இருந்தாள்.

"அம்மா வூட்ல தெனம் மீனு. நீங்க சொன்ன மாதிரி முள்ளெடுத்து மசிச்சுக் குடுத்தேன், முட்டையும் குடுத்தேன்" என்றாள் தேவி செலினிடம். கண் மட்டும் போர்டிலேயே இருந்தது.

மிச்சமிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஏண்டி, புள்ள தேறிடுச்சே" என்றாள் கலைச்செல்வி. இன்னும் இரண்டு பேர் சுபாவின் தொடையைக் கிள்ளிப் பார்த்தார்கள். தேவி சட்டென்று குழந்தையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு ஷமீமின் பையை எட்டிப் பார்த்து, "மை வச்சிருக்கியா, கொஞ்சம் குடேன்" என்று கேட்டாள். ஷமீம் டப்பாவைத் திறந்து நீட்டினாள். தேவி மோதிர விரலில் தொட்டு, சுபாவின் கன்னத்தில் ஒரு பொட்டு வைத்தாள். பெரியதாகவே வைத்தாள்.

இனி, இதே வேலையாகப் போகிறவர்களுக்கு. உங்கள் படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு ஊருக்குத் திரும்பிவிடாதீர்கள், அதன் கீழே கொஞ்ச நேரம் நில்லுங்கள். நிறத்தையும் எழுத்தையும் மாற்றுவது தொடக்கம்தான். அந்தப் படத்தில் முன்னால் நிற்பவருக்கு என்ன பயம், பின்னால் நிற்பவருக்கு என்ன ஆசை என்று அவர்களையே கேளுங்கள், சொல்லுவார்கள். மை, பொட்டு, திருஷ்டி இதையெல்லாம் நீங்கள் நம்புகிறீர்களா இல்லையா என்பது உங்கள் சொந்த விஷயம். படம் உங்களுக்காகப் போட்டதில்லையே.

வெறுமனே சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு: சாயங்காலம் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், நிம்மதியாக நடக்கலாம். அதற்கு இந்தப் பக்கம் பிரெஞ்சுத் தெருக்களின் மஞ்சள் சுவர்களைக் காலை ஏழு மணிக்குள் பார்த்துவிடுங்கள், பிறகு கேமராக்காரர்கள் கூட்டம். ஞாயிறு காலை பெரிய மார்க்கெட்டுக்கு நடந்து போங்கள், ஆட்டோ வேண்டாம், உள்ளே நுழையாது. பூக்கடை வரிசை முடிகிற இடத்தில் வளையல், ரிப்பன் கடைகள் இருக்கின்றன. கண்மை டப்பா ஐந்து ரூபாய். நான் ஊருக்குப் பேருந்து ஏறுவதற்கு முன் இரண்டு வாங்கினேன். ஒன்று செலினின் தராசு மேஜைக்கு. இன்னொன்றைத் தேவிக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டு வந்தேன், இனி அவளுக்குத் தினமும் தேவைப்படும்.